மேற்படி, மேற்படி, மேற்படி: நம்ம சபை மலர் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஆயர் ஐயாவுக்கும், மலர் கமிட்டியில இருக்கிற அண்ணன்மார் அக்காமார் எல்லாருக்கும் தோத்திரம்.

மலர்ல, அதான் நம்ம சபை நினைவுப் புத்தகத்துல, போடுறதுக்காக போன வாரம் வாட்ஸப்ல அனுப்பின சபை வரலாறு டிராஃப்டை ரெண்டு வாட்டி படிச்சேன், ரெண்டாவது வாட்டி கையில பேனா வச்சுக்கிட்டு படிச்சேன். கூட்டத்துக்கே வந்து பேசலாம்னுதான் இருந்தேன், ஆனா அங்க எனக்கு கொடுக்கிற அஞ்சு நிமிஷத்துல நாலு நிமிஷம் பின் அட்டை விளம்பரம் யாருக்குங்கிற பேச்சுலயே போயிடும், அதனால எல்லாரும் படிக்கட்டும்னு இப்படி எழுதுறேன். உழைச்சு எழுதியிருக்கீங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆயர்மார் பட்டியல் போட்டோவோட வந்திருக்கு, கோபுரம் கட்டினது, ஓடு மாத்தி காங்க்ரீட் போட்டது, மணி வாங்கினது, ஸ்பீக்கர் செட் வாங்கினது, எல்லாத்துக்கும் யார் யார் எவ்ளோ குடுத்தாங்கனு மூணு பக்கம். அதெல்லாம் இருக்கட்டும். நான் தேடினது ஒரே ஒரு விஷயம்தான், அது ஏழாவது பக்கத்துல ஒரே வரியில முடிஞ்சு போச்சு: "இக்காலகட்டத்தில் சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த ஏழை எளிய மக்கள் பலர் சபையில் இணைந்தனர்."

அந்த பலர்தாங்க நம்ம சபை. நீங்க, நான், கமிட்டியில பாதி பேர், கொயர்ல முக்காவாசி பேர், எல்லாரும் அந்த ஒரு வரிக்குள்ளதான் இருக்கோம்.

ரெண்டு வருஷம் முன்னாடி கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிறப்போ வெஸ்ட்ரியில (ஆயர் அங்கி மாத்துற ரூம்ல) இருந்த இரும்பு பீரோவை நகர்த்தணும்னு உள்ள இருந்ததை எல்லாம் எடுத்து வெளிய வச்சோம், அப்போதான் அந்த பழைய ஞானஸ்நான ரெஜிஸ்டரை நான் கையில எடுத்தேன். தோல் அட்டை, தொட்டா விரல்ல செம்மண் மாதிரி ஒட்டுது. தாது வருஷப் பஞ்சம் முடிஞ்சு கொஞ்ச வருஷத்துல ஆரம்பிக்கிற புக்கு அது. மைக் கூட்டுல தொட்டு எழுதின எழுத்து, கருப்பா இருந்தது பழுப்பாயிடுச்சு, சில இடத்துல மை பேப்பரையே தின்னு ஓட்டை போட்டிருக்கு. நம்பர், தேதி, பழைய பேரு, ஞானஸ்நானப் பேரு, வயசு, தகப்பன், சாதி, ஊரு, தொழில்னு கட்டம் கட்டமா. வயசு கட்டத்துல "சுமார் 30", "சுமார் 40", யாருக்கும் நிச்சயமா தெரியல போல. தொழில் கட்டத்துல பக்கத்தோட முதல் வரியில "படியாள்"னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ "மேற்படி". அதுக்குக் கீழ "மேற்படி". பக்கம் முடியிற வரைக்கும் மேற்படி, மேற்படி, மேற்படி. பக்கத்தைத் திருப்பினா மறுபடி ஒரு வாட்டி படியாள், மறுபடி கீழ வரைக்கும் மேற்படி. எழுதின உபதேசியாருக்கு கை வலிச்சிருக்கும், பாவம்.

இந்த காலத்துப் பசங்களுக்கு படியாள்னா என்னன்னு தெரியாது. பரம்பரையா ஒரு பண்ணைக்கு உழைக்கிற ஆளு, சம்பளம் நெல்லா அளந்து படின்னு குடுப்பாங்க, அப்பன் வாங்கின கடனுக்கு புள்ளை அதே நிலத்துல ஏர் ஓட்டுவான். அவங்கதான் உங்க "ஏழை எளிய மக்கள்". ஏழை எளியனு சொன்னா ஏதோ காத்து மழைல வந்த கஷ்டம் மாதிரி இருக்கு, படியாள்னு சொன்னாதான் ஒருத்தன் கையில ஒருத்தன் இருந்தான்னு புரியுது.

இன்னொன்னு, டிராஃப்ட்ல ஒரு தப்பு இருக்கு, அதை அச்சுக்குப் போறதுக்கு முன்ன மாத்தியே ஆகணும். "1821-இல் சென்னை எழும்பூரில் எழுப்பப்பட்ட கிர்க் ஆலயத்தின் கிளையாக நம் சபை தோன்றியது"னு போட்டிருக்கீங்க. கேக்க பெருமையாதான் இருக்கு. கிர்க் பெரிய அழகு, யாரு இல்லன்னா. டி ஹாவிலாண்ட்ங்கிற கிழக்கிந்தியக் கம்பெனி இன்ஜினியர், அங்க தரை சேறும் சகதியுமா இருக்குனு கிணறு கிணறா இறக்கி அதும் மேல அஸ்திவாரம் போட்டு, 16 தூண் மேல நீலக் குவிமாடம் நிறுத்தி, 166 அடி கோபுரம் வச்சாரு. ஆனா அது மெட்ராஸ்ல இருந்த ஸ்காட்லாந்துக்காரங்க, கம்பெனி ஆளுங்க, அவங்க ஊர் முறைப்படி ஆராதனை பண்ண கட்டிக்கிட்டது. நம்ம ஆளுங்க அன்னிக்கு அந்தப் பக்கம் போயிருந்தா பல்லக்கு தூக்கத்தான் போயிருப்பாங்க. நம்ம கதை வேற வாசல் வழியா வருது.

அந்த வாசல் 1843. அந்த வருஷம் மே 18-ம் தேதி எடின்பரோல, ஸ்காட்லாந்தோட பிரஸ்பிட்டேரியன் சபை (பிஷப் இல்லாம மூப்பர்கள் நடத்துற சபை) பொதுக்கூட்டமான ஜெனரல் அசெம்பிளி நடக்கிறப்போ ஒரு கூட்டம் ஆயர்மார் எழுந்து வெளிய நடந்துட்டாங்க, மொத்தத்துல 450 பேருக்கு மேல, சம்பளம் போச்சு, குடியிருந்த வீடு போச்சு, சர்ச் கட்டிடமும் போச்சு. எதுக்குனு கேட்டா நம்ம ஊர்க்காரங்களுக்கு சட்டுனு புரியும். ஊர்ல பெரிய நிலம் வச்சிருக்கிற பண்ணையாருக்கு அந்த ஊர் சபைக்கு யாரு ஆயருனு முடிவு பண்ற உரிமை 1712-ல இருந்து சட்டத்துலயே இருந்தது. சபையார் வேணாம்னாலும் அவர் காட்டுற ஆளுதான். அப்படி முடியாது, ஆயரைக் கூப்பிடுறது சபையோட உரிமைனு சொல்லித்தான் வெளிய வந்தாங்க, ஃப்ரீ சர்ச் உருவாச்சு. இந்தியாவுல இருந்த ஸ்காட்லாந்து மிஷனெரிங்க அத்தனை பேரும் ஃப்ரீ சர்ச் பக்கம் போயிட்டாங்க, எழும்பூர் கிர்க் பழைய சபையோடயே நின்னுது. நம்ம செங்கல்பட்டு காஞ்சிபுரம் பக்கம் வேலை பண்ணது ஃப்ரீ சர்ச் மிஷன். அதனால நம்மள கிர்க்கோட கிளைனு சொல்றது, பாகம் பிரிஞ்சு போன சித்தப்பா வீட்டு பிள்ளைய பெரியப்பா வீட்டு ரேஷன் கார்டுல சேர்க்கிற மாதிரி.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, அதையும் மலர்ல போடலாம். இந்த மிஷன் முதல்ல நம்மளத் தேடி வரவே இல்ல. 1837-ல ஜான் ஆண்டர்சன்ங்கிற ஸ்காட்லாந்து மிஷனெரி மெட்ராஸ் வந்து அர்மேனியன் தெருவுல ஒரு ஸ்கூல் திறந்தாரு, இன்னிக்கு தாம்பரத்துல இருக்கிற கிறிஸ்தவக் கல்லூரியோட வேர் அதுதான். கல்கத்தாவுல அலெக்சாண்டர் டஃப்ங்கிற மிஷனெரி பண்ண மாதிரி, மேல்சாதி பசங்களுக்கு இங்கிலீஷ் படிப்பு குடுத்தா அவங்க மூலமா மத்தவங்களுக்கும் இறங்கி வரும்னு கணக்கு. 1838-ல அந்த ஸ்கூல்ல ரெண்டு பறையர் வீட்டு பசங்க படிக்கிறாங்கனு தெரிஞ்சு ஒரே கலாட்டா, அவங்கள வெளிய அனுப்புங்கனு மத்த பசங்களைப் பெத்தவங்க வந்து நின்னாங்க, ஆண்டர்சன் முடியாதுன்னுட்டாரு, ஏகப்பட்ட பசங்க ஸ்கூலை விட்டு நின்னுட்டாங்க. அப்புறம் 1841-ல ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு மூணு பேரும் ஞானஸ்நானம் எடுத்தப்போ மறுபடி ஸ்கூல் காலியாச்சு. அந்த மூணு பேரும்தான் 1851-ல ஆயர்களா அபிஷேகம் ஆனாங்க. டிராஃப்ட்ல ஆயர் ராஜகோபாலுக்கு ஒரு பத்தி இருக்கு, நல்லது. ஆனா அந்த ரெண்டு பசங்களுக்கு ஒரு வரி கூட இல்ல. அவங்க பேரும் எனக்குத் தெரியாதுதான், இருந்தாலும் ரெண்டு பேரு அந்த பெஞ்சுல உக்காந்திருந்தாங்கனாவது எழுதலாமே. மேல ஊத்தினா கீழ இறங்கும்னு போட்ட கணக்கு கடைசில தலைகீழாத்தான் முடிஞ்சுது, காலேஜ்ல படிச்சவங்க டிகிரி வாங்கிக்கிட்டு போயிட்டாங்க, சபைக்குள்ள வந்து பாய் விரிச்சு உக்காந்தது சேரிக்காரங்க.

அவங்க ஏன் வந்தாங்கங்கிற கேள்விக்கு டிராஃப்ட் "சுவிசேஷ ஒளியால் ஈர்க்கப்பட்டு"னு சொல்லுது. இருக்கலாம், நானும் விசுவாசிதான், ஒளி இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த காலத்து செங்கல்பட்டு ஜில்லாவுல மிராசு முறை (பரம்பரை நில உரிமை) எப்படி இருந்துச்சுன்னு ஒரு பத்தி எழுதினா அந்த ஒளி எங்க விழுந்துச்சுன்னு தெரியும். நிலம் மட்டும் இல்ல, படியாள் குடிசை போட்டிருக்கிற மனை கூட மிராசுதார் கையில. எதுத்துப் பேசினா, கூலி கூட கேட்டா, குடிசையைப் பிரிச்சுக்கிட்டு போடானு ஒரு வார்த்தை போதும். பக்கத்துலயே புறம்போக்கும் தரிசும் கிடக்கும், அதுக்கு மனு போட்டாலும் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. இங்க மிஷனெரியா இருந்த ஆடம் ஆண்ட்ரூ இதையெல்லாம் கவர்மெண்டுக்கும் பத்திரிகைக்கும் விடாம எழுதினாரு, இந்த ஜில்லா கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல இந்த ஜில்லா பறையர்கள் நிலைமைய பத்தி ஒரு அறிக்கை குடுத்தாரு, அதுக்கு அடுத்த வருஷம் 1892-ல வந்த அரசாணையிலதான் பஞ்சமி நிலம்னு நாம இன்னிக்கு சொல்றதுக்கு, அதாவது ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்களுக்குன்னு ஒதுக்கின நிலத்துக்கு, அடி போட்டாங்க. பத்து வருஷத்துக்கு விக்கக் கூடாது, அதுக்கு அப்புறமும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்களுக்கு மட்டும்தான் மாத்திக் கொடுக்கலாம்னு நிபந்தனை. ஆண்ட்ரூ ஆளுங்கள குடியேத்தி உருவாக்கின மெல்ரோசாபுரம் இன்னும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல இருக்கு, பேருலயே மெல்ரோஸ்னு ஸ்காட்லாந்து ஊரு ஒட்டிக்கிட்டு நிக்குது. 1994-ல இதே பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டு காரணை கிராமத்துல போராட்டம் நடந்து செங்கல்பட்டுல துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. நம்ம ஜில்லா சங்கதி இதெல்லாம். ஸ்காட்லாந்துல பண்ணையார் ஆயரை நியமிக்கக் கூடாதுனு வீட்டை விட்டு வந்த சபை, இங்க வந்து பார்த்தா பண்ணையார் ஆளோட குடிசையையே கையில வச்சிருக்காரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதினா போதும், படிக்கிறவங்க மீதிய புரிஞ்சுப்பாங்க.

அதே பீரோவுல செஷன் மினிட்ஸ் புக்கும் ஒன்னு இருக்கு, அதை கமிட்டியில யாராவது திறந்து பார்த்தீங்களானு தெரியல. இன்னிக்கு நமக்கு பாஸ்டரேட் கமிட்டி, டயசீஸ், பிஷப்னு பழகிப் போச்சு. அன்னிக்கு பிரஸ்பிட்டேரியன் முறையில மூப்பர்கள்தான். சபையில இருந்தே தேர்ந்தெடுத்த மூப்பர்களும் ஆயரும் சேர்ந்து உக்காந்தா அது செஷன், அதுக்கு மேல பல சபைக்கும் பொதுவான பிரஸ்பிட்டரி, அங்க ஆயருக்கும் ஒரு ஓட்டு, மூப்பருக்கும் ஒரு ஓட்டு. அந்த மினிட்ஸ்ல ஒரு பக்கம் எனக்கு மனப்பாடம் மாதிரி ஆயிடுச்சு. ஓய்வுநாள்ல ஏர் ஓட்டினார்னு ஒருத்தரை செஷன் முன்னாடி நிறுத்தியிருக்காங்க. அவர் சொன்ன பதில அப்படியே எழுதி வச்சிருக்காரு எழுதினவரு: "ஆண்டை ஆள் அனுப்பினார், நான் என்ன செய்ய." அதுக்குக் கீழ ரெண்டு வரி அடிச்சுத் திருத்தி இருக்கு, என்ன எழுதி அடிச்சாங்கன்னு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சும் படிக்க முடியல. கடைசில "எச்சரித்து அனுப்பப்பட்டார், இராப்போஜனத்துக்குத் தடை இல்லை." திருவிருந்து எடுக்கலாம்னு அர்த்தம். கீழ நாலு மூப்பர் அடையாளம், அதுல ரெண்டு கையெழுத்து, ரெண்டு கைநாட்டு. அந்த ரெண்டு கைநாட்டு வச்சவங்களும் அதே ஆண்டை நிலத்துல வேலை செஞ்சவங்களா இருக்கணும்னு நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது, ஆனா அந்த அடிச்சுத் திருத்தினதப் பார்த்தா அன்னிக்கு அங்க நல்லா சண்டை நடந்திருக்கு. வெளிய வாய் திறக்க முடியாத ஆளுங்க உள்ள உக்காந்து ஒரு தீர்மானத்தை எழுதி, அடிச்சு, திருப்பி எழுதியிருக்காங்க. கோபுரத்துக்கு வச்சிருக்கிற முழுப்பக்க போட்டோவை எடுத்துட்டு இந்தப் பக்கத்தைப் போடுங்கனு நான் கெஞ்சிக் கேக்குறேன்.

அப்புறம் வந்த இணைப்பெல்லாம் டிராஃப்ட்ல சரியாவே இருக்கு, 1901-ல ஆற்காடு பக்கத்து ரிஃபார்ம்டு சபைகளோட சேர்ந்தது, 1908-ல காங்க்ரிகேஷனல்காரங்களோட சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27 மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல தென்னிந்தியத் திருச்சபை, அதான் சி.எஸ்.ஐ. ஒரு வரி மட்டும் சேர்க்கலாம், பிஷப்பே வேணாம்னு இருந்த பரம்பரை பிஷப்பை ஏத்துக்கிட்டப்போ அதை லேசா செய்யலனு. காஞ்சிபுரத்துல மிஷனெரியா இருந்த லெஸ்லி நியூபிகின், பிரஸ்பிட்டேரியன் ஆயர், அந்த 1947-லயே மதுரை ராமநாதபுரத்துக்கு பிஷப் ஆனாரு, பின்னால மெட்ராஸுக்கும் வந்தாரு. ஒரே ஆளு ரெண்டு கரையிலயும் நின்ன கதை அது.

இப்போ எல்லாரும் மனசுல வச்சுக்கிட்டு வாயில சொல்லாத விஷயத்துக்கு வரேன். ரெஜிஸ்டர்ல இருக்கிற பேரை அப்படியே போட்டா சாதி வெளிய வரும், அதான பயம்? கமிட்டியில ஒரு பெரியவர் என்கிட்ட தனியா சொன்னாரு, "இப்பதான் பசங்க ஐ.டி.ல வேலைக்கு போயி நாலு பேர் மாதிரி இருக்காங்க, எதுக்கு பழசைக் கிளறணும்"னு. அவரை நான் தப்பு சொல்ல மாட்டேன். அதுக்கு மேல சர்டிபிகேட் பிரச்சினை வேற. 1950 ஜனாதிபதி ஆணையில இந்துவா இருந்தாதான் எஸ்.சி.னு வச்சாங்க, 1956-ல சீக்கியர்களையும் 1990-ல பௌத்தர்களையும் சேர்த்தாங்க, கிறிஸ்தவங்கள இன்னிக்கு வரைக்கும் சேர்க்கல. அதனால ஒரே வீட்ல அண்ணன் பேரு ரெஜிஸ்டர்ல ஒன்னா இருக்கும், ஸ்கூல் டிசில வேற ஒன்னா இருக்கும், இது நம்ம எல்லாருக்கும் தெரியும், யாரையும் மாட்டி விடணும்னு நான் சொல்ல வரல. அதனால என் யோசனை என்னன்னா, 1908-க்கு முன்னாடி ஞானஸ்நானம் எடுத்தவங்க பேரு மட்டும் போடலாம், பழைய பேரு, புதுப் பேரு, ஊரு, அவ்ளோதான், சாதி கட்டத்தை விட்டுடலாம். அப்பவும் எந்தக் குடும்பமாவது வேணாம்னா அந்தப் பேரை எடுத்துடலாம். ஆனா தொழில் கட்டத்தை விடாதீங்க. படியாள்னு போட்டா அவமானம்னு நினைக்கிறவங்க, யாருக்கு அவமானம்னு கொஞ்சம் யோசிங்க.

பொம்பளைங்க விஷயத்துக்கும் வரேன், சுருக்கமா. டிராஃப்ட் மொத்தம் 64 பக்கத்துல பெண்கள் பேருனு பார்த்தா ஆயரம்மாக்கள் பேரும் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி பேரும்தான். எங்க ஆயாவோட ஆயா பைபிள் உமனா இருந்தவங்க. பழைய கணக்கு நோட்டுல உபதேசியார் சம்பளத்துக்கு அடுத்த வரியில அவங்க சம்பளமும் இருக்கு, பாதிக்கும் கம்மி. அவங்களுக்கு எழுத்து கத்துக் குடுத்தப்போ வயசு நாப்பதாம், ராத்திரி அடுப்புக் கரியில திண்ணைச் சுவத்துல "அ" போட்டுப் பழகினதா எங்க ஆயா சொல்லும். வெயில்ல ஊர் ஊரா நடந்து போயி, சேரியில மட்டும் இல்ல, கதவு சாத்தின வீட்டுப் பொம்பளைங்களுக்கும் கொல்லைப் பக்கமா நின்னு படிச்சுக் காட்டுமாம். சில வீட்ல தண்ணி கேட்டா கையேந்தச் சொல்லி மேல இருந்து ஊத்துவாங்களாம், அது குடிச்சுட்டு வாயத் தொடச்சுக்கிட்டு அடுத்த அதிகாரம் படிக்குமாம். எங்க ஆயா இதை சொல்றப்போ அழாது, சிரிக்கும். அந்தக் கிழவி யாரையும் விடாது போல.

கடைசியா, புக்குங்கள காப்பாத்துறது. மலரை அடுத்த வருஷம் கூட போடலாம், ரெஜிஸ்டர் அது வரைக்கும் இருக்கணும்ல. நான் பார்த்தப்பவே ராமபாணப் பூச்சி ஓரம் எல்லாம் அரிச்சிருந்தது, நடுவுல யாரோ நல்லெண்ணத்துல செல்லோடேப் ஒட்டியிருக்காங்க, அது காஞ்சு மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரிக்குது. தயவு செஞ்சு இனிமே டேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் போடலாம்னு யாராவது சொன்னா அவரை வெஸ்ட்ரி பக்கமே விடாதீங்க. பாச்சா உருண்டையும் பேப்பர் மேல படுற மாதிரி போட வேணாம். முதல்ல எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுக்கணும், ஃபோன் போதும், ஃபிளாஷ் போடாம ஜன்னல் வெளிச்சத்துல, ஒரு பக்கம் கூட விடாம, காலிப் பக்கத்தையும் சேர்த்து. அப்புறம் பெங்களூரு யுனைட்டட் தியலாஜிகல் காலேஜ் ஆர்கைவ்ஸுக்கு ஒரு காப்பி குடுக்கலாம், அங்க இந்த மாதிரி சபை ரெக்கார்டு எல்லாம் வச்சிருக்காங்க. ஸ்காட்லாந்து மிஷன் அனுப்பின கடிதம், ரிப்போர்ட்டு எல்லாம் எடின்பரோ தேசிய நூலகத்துல இருக்கு, ட்ரெமென்ஹீர் அறிக்கை சம்பந்தப்பட்ட ரெவின்யூ ஃபைலுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கவே இருக்கு. கிர்க்கைப் பார்க்கணும்னு ஆசைப்படுறவங்க அதே எழும்பூர்தானே, ஒரே நாள்ல ரெண்டையும் பாத்துட்டு வந்துடலாம், அப்படி ஒரு டிரிப் போட்டா நானும் வரேன்.

ரெஜிஸ்டர் கையெழுத்தைப் படிக்கிறது கஷ்டம்னு சாக்கு சொல்லாதீங்க, நம்ம ரிட்டயர்டு தமிழ் டீச்சர் அக்கா சபையிலதான் உக்காந்திருக்காங்க, கேட்டா ஒரே மாசத்துல எழுதிக் குடுத்துடுவாங்க, நான் முன்னாடியே அவங்ககிட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சுட்டேன், தப்பா நினைக்காதீங்க.

பீரோ சாவி பொருளாளர் அண்ணன்கிட்ட இருக்குனு கேள்விப்பட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஆராதனை முடிஞ்சதும் ஒரு மணி நேரம் திறந்து விட்டா போதும். வாலிபர் சங்கத்துப் பசங்க மூணு பேர் வரேன்னு சொல்லியிருக்காங்க, விரிக்கிறதுக்கு துவைச்ச வெள்ளை பெட்ஷீட் ரெண்டு நான் கொண்டு வரேன். டீ காபி எதுவும் அந்த டேபிள் பக்கத்துல வேணாம்.

இப்படிக்கு,
மேற்படி சபையின் அங்கத்தினர் ஒருத்தர்